‘வரேன்’ என்று சொல்லிப் போனவர்கள்

வகுப்பில் அவளுக்கு டவுட்டு என்று பெயர். ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் அவள் கை மேலே போயிருக்கும். அது மாலை வகுப்பு. பகலெல்லாம் எங்கெங்கோ உழைத்துவிட்டுக் கொட்டாவியோடு வந்து உட்காரும் கூட்டம். சீக்கிரம் விட்டால் போதும் என்று எல்லோரும் பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது இவள் எழுந்து, “சார், ஒரு டவுட்டு” என்பாள். பெயர் வராமல் என்ன செய்யும்?

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அவளுக்குச் சந்தேகம் தீர்வதில்லை. பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் செருகி, “இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?” என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு முறை கேட்டால் அவள் நான்கு முறை கேட்பாள். “முதல்ல போட்டதே நல்லாத்தான் இருந்துச்சும்மா, நீ கேட்டுக் கேட்டுத்தான் மங்கிப்போச்சு” என்று ஒரு பெரியவர் எழுந்து போயிருக்கிறார்.

கடைசி வருட புராஜெக்டுக்கு அவளோடு சேர்ந்தவனை எல்லோரும் அவசரம் என்று கூப்பிட்டார்கள். கூரியர் கிடங்கில் பார்சல் பிரிப்பவன். எதையும் தூக்கிப் போட்டுத்தான் அவனுக்குப் பழக்கம்.

“நீ சந்தேகப்படு, நான் முடிச்சுடறேன். ஜோடிப் பொருத்தம் பிரமாதம்” என்றான்.

புராஜெக்ட் அவள் வீட்டிலிருந்தே கிடைத்தது. வீட்டில் நான்கு பேர். தையல் ஆலையில் துணி வெட்டும் அம்மா, மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் தாய்மாமா, பஸ் ஓட்டும் அண்ணன், அவள். நான்கு பேருக்கும் நான்கு விதமான வேலை நேரம். ஆனால் வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். மாற்றுச் சாவி செய்து பார்த்தார்கள், அந்தப் பழைய பூட்டு வேறு எதற்கும் மசியவில்லை. அதனால் கடைசியாகக் கிளம்புபவர் சாவியை டெய்லர் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். பஸ் நிறுத்தம் தெருவின் இந்த முனையில், டெய்லர் கடை அந்த முனையில், வீடு நடுவில், அதுவும் மூன்றாம் மாடியில். வீட்டில் ஆள் இருக்கும் என்று நம்பி மாடி ஏறினால் பூட்டியிருக்கும். இருக்காது என்று நினைத்து டெய்லர் கடைவரை நடந்தால், “உங்கம்மா அப்பவே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே” என்பார். இந்த அலைச்சலில்தான் தன் முழங்கால் தேய்ந்தது என்பது மாமாவின் கட்சி. நாள் முழுக்க லிஃப்டில் மேலும் கீழும் போகிறவருக்குப் படி என்றாலே ஆகாது.

அவர்கள் போட்ட திட்டம் இதுதான். கதவுக்கு உள்பக்கம், சுவரில் ஒரு பழைய போன். வருகிறவர், போகிறவர் தன் பெயரைத் தொட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும். வீட்டில் இருந்தால் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி, வெளியே இருந்தால் சிவப்பு. அதே பலகை எல்லோருடைய போனிலும் தெரியும், அதிலிருந்தும் பேசலாம். பேச்சை எழுத்தாக்கும் வேலைக்குத் தயாராக ஒரு மென்பொருள் இருந்தது. எழுத்தைப் படித்து, ஆள் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்வது மட்டும் இவர்கள் எழுத வேண்டியது. ‘வா’ என்பதிலிருந்து பிறந்த சொல் வந்தால் பச்சை. ‘போ’ என்பதிலிருந்து பிறந்தது வந்தால் சிவப்பு. அவரவர் போனில் அவரவர் பெயரை மட்டும் அவள் மறைத்து வைத்தாள். தான் இருக்கும் இடம் தனக்குத் தெரியாதா என்ன?

கல்லூரி ஆய்வகத்தில் அவசரம் சோதனை வாக்கியங்களை மளமளவென்று தட்டினான். நான் வருகிறேன். நான் போகிறேன். அவர் வந்தார். அவர் போனார். எல்லாமே சரியாக வந்தது.

“நூத்துக்கு நூறு! இப்பவாவது சிரியேன்” என்றான்.

“எல்லாம் சரியா வருதேன்னுதான் டவுட்டா இருக்கு.”

வழிகாட்டியாக இருந்த மேடம் திரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இவர்களைப் பார்த்தார். “வீட்டுல ஓட்டிப் பாருங்க. வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர், நிஜமா ஓடுதான்னுதான் கேப்பார். இந்த வருஷத்தோட மாலை வகுப்பையே மூடறாங்க, தெரியுமில்ல? தவறிட்டா திரும்ப எழுத இடமே இருக்காது.”

அந்த வாரமே போனைச் சுவரில் மாட்டினார்கள். வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்ததுபோல் ஆளாளுக்கு அதனிடம் கொஞ்சிப் பேசினார்கள். அம்மா வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே, “வந்துட்டேன்டா கண்ணு” என்பாள். பச்சை. மாமா அதற்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டார். மாலையில் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது நான்கு பச்சைப் புள்ளிகளும் இலைமேல் நின்ற மழைத்துளிபோல் மின்னின. டவுட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். தான் செய்த ஒன்று இப்படிச் சுவரில் நின்று மூச்சு விடுவதுபோல் ஒளிர்வது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கைகழுவப் போனவள் திரும்பி வந்து, அது இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம். முந்தைய நாள் அவன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவனுக்காகக் காத்திருந்த சாப்பாடு ஆறி, அம்மாவின் கோபம் சூடேறியிருந்தது.

“நேரத்தோட வர்றதா இருந்தா வா. இல்லன்னா கதவைத் திறக்கவே மாட்டேன், பாத்துக்க!”

“திறக்காட்டிப் போங்க” என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

எல்லா வீட்டிலும் பறக்கிற வார்த்தைதான். பறந்துபோய் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டுத் தானே ஓடிவிடும். அன்று மாலை டவுட்டு வகுப்பு முடிந்து வந்தபோது அம்மாவும் மாமாவும் முன்பே வந்திருந்தார்கள். அண்ணனைக் காணோம். பலகையில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு. அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிவப்பு நிறத்தை அப்போதுதான் பார்த்தாள். என்ன சொல்லியிருக்கிறான் என்று தொட்டுப் பார்த்தாள். ஒரே வரி, உரக்கப் படித்தாள்: “சரி. நான் போறேன்.”

அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கை அப்படியே நின்றது. “என்ன பேச்சு இது? போறேன்னா சொல்லுவாங்க?”

போன் செய்தார்கள். எடுக்கவில்லை. மறுநாள் மாமா பணிமனைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “வெளியூர் வண்டிய மாத்தி வாங்கிட்டுப் போயிட்டானாம். அங்கயே தங்கி அங்கயே ஓட்டறானாம்க்கா. வீட்டுல யாரும் தேடாதீங்கன்னு சொல்லச் சொன்னானாம்.”

“நான் என்ன சொல்லிட்டேன் அப்படி?” என்றாள் அம்மா. பிறகு சுவரைப் பார்த்து, “அந்தச் சிவப்பை மட்டும் பச்சையாக்குடி. கண்ணுல குத்துது” என்றாள்.

“நான் மாத்தினா அது பொய்ம்மா.”

“பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அழகா இருக்குமில்ல?”

சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பி, டெய்லர் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தபோது, டெய்லர் தைப்பதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்கண்ணனுக்குக் கண்ணு தெரியலையா? உன் கடைக்குக் கூட்டிட்டுப் போ. வியாழக்கிழமை சாயந்தரம் இங்கேருந்து சாவிய ஆட்டி ஆட்டிக் காட்டறேன். போனைப் பாத்துக்கிட்டே மேல ஏறினான், கொஞ்ச நேரம் பொறுத்து போனைப் பாத்துக்கிட்டே கீழ இறங்கினான், பஸ் ஏறிட்டான்.”

“சாவி அப்ப உங்ககிட்டயா இருந்துச்சு?”

“வேற எங்க இருக்கும்? உங்க வீட்டுல ஒருத்தரும் இல்லையே.”

அவள் வேலைக்குப் போகவில்லை, திரும்பி நடந்தாள். மாமாவும் அம்மாவும் அவளுக்கு முன்பே கிளம்பியிருந்தார்கள், சாவி டெய்லரிடம்தான் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளாமலே மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவுக்கு முன்னால் அண்ணன் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று, தன் போனைத் திறந்தாள்.

அம்மா, பச்சை. மாமா, பச்சை. அண்ணன் மட்டும் சிவப்பு.

கதவில் காதை வைத்தாள். உள்ளே குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலிலிருந்து காலை வெயில் சாய்ந்து படிக்கட்டில் தூசியை மெல்ல மிதக்க விட்டது. கையில் இருந்த பலகையைப் பார்க்கப் பார்க்க, உள்ளே இன்னொரு வீடு இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அங்கே யாரும் எங்கும் கிளம்புவதே இல்லை. அம்மா துணி மடித்துக்கொண்டே இருக்கிறாள். மாமா தலை வாரிக்கொண்டே இருக்கிறார். அவளும் அங்கேதான் இருக்கிறாள், சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு. வெளியிலிருந்து மணி அடித்தால் மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், எழுந்து வரத்தான் முடியவில்லை. காலையில் கேட்ட “கதவைத் திறக்கவே மாட்டேன்” இன்னும் காதில் இருக்க, அண்ணன் மூன்று பச்சைப் புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான்.

அவள் படியில் உட்கார்ந்து, அம்மா காலையில் சொன்னதைத் தொட்டுப் பார்த்தாள். “வரேன்.” மாமா: “நான் வரேன்பா, வீட்டப் பாத்துக்க.” நேற்றும் அதுதான், அதற்கு முன்தினமும். அவளே தினமும் அந்தப் போனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியதும் அதுதான். ‘வா’ என்பதிலிருந்து பிறந்த சொல் வந்தால் பச்சை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில், வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை என்பது விதி எழுதும்போது அவளுக்கு ஞாபகம் வரவே இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவனைத் தவிர. அந்த வாரம் முழுக்கப் பலகை சரியாகக் காட்டிய ஒரே சிவப்பு அவனுடையதுதான்.

அன்று மாலை ஆய்வகத்தில் அவசரத்திடம் சொன்னபோது அவன் நாற்காலியோடு சுழன்றான்.

“அட, நாமளே ‘நான் போகிறேன்’னுல்ல தட்டினோம்! எந்த ஊர்ல எவன் அப்படிப் பேசறான்? சரி விடு, ‘வரேன்’ன்னா சிவப்புன்னு மாத்து. ஒரு வரி. முடிஞ்சது.”

மாற்றினார்கள். முடியவில்லை. வேலையிடத்திலிருந்து மாமா தன் போனில் “இதோ வரேன்” என்று சொன்னால் அவர் கிளம்பிப் போவதாகக் காட்டியது. உள்ளே வந்து பெயரைத் தொட்ட கையோடு அம்மா, சமையலறைப் பக்கம் “இரு, வரேன்” என்று கத்தினால் அம்மா வீட்டை விட்டே போய்விட்டாள்.

மாமாவிடம் அவள் கேட்டாள், “மதியம் நீங்க தனியா வீட்டுக்கு வர்றப்பவும் எல்லாம் பச்சையாத்தானே இருந்திருக்கும்? ஏன் சொல்லல மாமா?”

“பச்சைன்னா எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சேன் மருமகளே. சிக்னல்ல பச்சை விழுந்தா போறதுதானே? கரெக்டாத்தான் காட்டுதுன்னு உன்னைப் பத்தி வார்டு முழுக்கப் பெருமை பேசிட்டேன்.”

அம்மாகூட அன்று சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் சுவரைப் பார்த்தாள்.

விடை கண்ணாடிக் கடையில் கிடைத்தது. சோதனை நாற்காலியில் ஒரு பெண். அவளுடைய வலக்கண்ணுக்குப் போட்ட வில்லையைக் கழற்றி, டவுட்டு மறந்துபோய் இடக்கண்ணில் செருகிவிட்டாள்.

“ஐயோ, இது ஒண்ணுமே தெரியலையே! இப்பத்தானே தெளிவா இருந்துச்சு?”

“அதே வில்லைதாங்க. கண்ணுதான் வேற.”

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். எதிரே எழுத்துப் பலகை வெள்ளையாக ஒளிர்ந்தது. கடைக்குள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடிகள் தெருவையும் மரத்தையும் துண்டு துண்டாக ஏந்தியிருந்தன. சிலவற்றில் ஒரு பஸ் போனது, சிலவற்றில் வந்தது. அதே பஸ்தான். நிற்கிற இடம்தான் வேறு.

வீட்டுக்குள் இருப்பவர் கதவருகே நின்று ‘வரேன்’ என்றால் போகிறார். வெளியே இருப்பவர் தன் போனில் ‘வரேன்’ என்றால் வருகிறார், ஆனால் இன்னும் வந்து சேரவில்லை. சொல்லை மட்டும் பார்த்தால் எந்த ஜென்மத்திலும் புரியாது. சொல்கிறவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்துகொண்டிருப்பவருக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மூன்றாவதாக ஒரு மஞ்சள் வேண்டும்.

பிறகு வந்த நாட்கள் ஒரே நீளமான மாலைபோல் கழிந்தன. மின்விசிறியின் கீழே அவள் ஒவ்வொரு நிலையாகப் படம் போட்டுச் சரிபார்த்தாள். அவசரம் எழுதினான், அவள் சந்தேகப்பட்டாள், அவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் எழுதினான். இந்த முறை புத்தக வாக்கியங்கள் இல்லை. அவன் கிடங்கில் போகிற வருகிறவர்கள் சொன்னதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தான். “கிளம்பறேம்பா.” “அப்ப பாக்கலாம்.” “வரட்டா?” ஒருவர்கூடப் ‘போறேன்’ என்று சொல்லியிருக்கவில்லை.

புதுப் பதிப்பை எல்லோருடைய போனுக்கும் அனுப்புமுன், அதில் என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அண்ணன் அழைப்பை எடுப்பதில்லை, செய்தியைத் திறப்பதில்லை. ஆனால் பலகையை அவன் தன் போனிலிருந்து அழிக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுதினாள்:

“கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொன்னவர்களை வீட்டிலேயே இருப்பதாகக் காட்டிய தவறு திருத்தப்பட்டது. சென்ற வியாழன் மாலை வீட்டில் யாரும் இல்லை. சாவி டெய்லரிடம் இருந்தது. கதவு யார்மேலும் கோபித்துக்கொண்டு மூடியிருக்கவில்லை.”

அவசரம் தோளுக்கு மேலிருந்து படித்தான். “கதவு கோபிச்சுக்குதா? தேர்வாளர் இதைப் படிச்சா மார்க்கு போயிடும்.”

“எடுத்துடவா?”

அவன் அபூர்வமாகக் கொஞ்சம் யோசித்தான். “இரு. இதுல மட்டும் டவுட்டு வேணாம்.” அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.

தேர்வு நாள்வரை பலகையில் அந்தச் சிவப்பு அசையவில்லை. குறிப்பை அவன் படித்தானா, படித்தும் நம்பவில்லையா, நம்பியும் வர மனமில்லையா? அவள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். சந்தேகங்கள் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்தார். பெரிய திரையில் அந்த நேரத்துக்கான வீட்டுப் பலகை: அம்மா சிவப்பு, மாமா சிவப்பு, அவள் சிவப்பு, அண்ணன் சிவப்பு. கீழே, சோதனைக்காக ‘விருந்தாளி’ என்று ஒரு வரி.

“விருந்தாளி நான்தானா? வந்துட்டேன்” என்றார். பச்சை. “வரேன்.” சிவப்பு. அவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும், “வரேன்” என்றார். மஞ்சள்.

“ஒரே வார்த்தைக்கு ரெண்டு பதில் சொல்லுதே?”

“வார்த்தைக்கு இல்ல சார், சொல்றவங்க நிக்கிற இடத்துக்கு” என்றாள்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. ஆனா இந்த நாலாவது ஆள், பதிவுல பாத்தா பல நாளா சிவப்பாவே இருக்காரே? மாட்டிக்கிச்சா? பிழையா?”

“இல்ல சார்.” என்றாள். “அது சரியாத்தான் காட்டுது.”

ஜன்னலுக்கு வெளியே மரத்தின் நிழல் மெல்ல நீண்டு மேசைமேல் ஏறிக்கொண்டிருந்தது. தேர்வாளர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் திரையில் ஒரு வரி அசைந்தது. அண்ணன் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பு, யாரோ ஊதியதுபோல் மங்கி, மஞ்சளானது. அதன் கீழே அவன் சொன்னது எழுத்தாக ஊர்ந்து வந்தது: “கதவு கோபிக்கலையாம், நான்தான் கோபிச்சேனாம். நல்லா எழுதற நீ. பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். வரேன்.”

அவசரம் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

தேர்வாளர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். “இப்ப இவரு போறாரா, வர்றாரா?”

“வர்றாரு சார்” என்றாள்.

“நிச்சயமாவா? யோசிச்சுச் சொல்லும்மா.”

“நிச்சயமா சார். வர்றாரு.”

பின் வரிசையில் யாரோ, “டவுட்டுக்கே டவுட்டு இல்லையாம்டா” என்று முணுமுணுத்தார்கள். தேர்வாளர் இரண்டு முறை தும்மிவிட்டு எதையோ எழுதினார். எவ்வளவு என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நேரம் அவன் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பான். பலகையில் மற்ற மூவரும் சிவப்பு. அதனால் மாடி ஏற மாட்டான். வீட்டைத் தாண்டி நேரே தெருவின் அந்த முனைக்குப் போவான். டெய்லர், “இப்பவாவது கண்ணு தெரிஞ்சுச்சா?” என்று கேட்டுச் சாவியைக் கொடுப்பார். அவன் ஏதாவது பதிலுக்குச் சொல்லிவிட்டு, திரும்பி நடந்து, படி ஏறி, அந்தப் பழைய பூட்டை இரண்டு முறை அசைத்துத் திறந்து, சுவரில் இருக்கும் போனில் தன் பெயரைத் தொடுவான்.

அவர்கள் போகலாம் என்று மேடம் சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஜோடி வந்து தங்கள் கம்பிகளைச் செருகத் தொடங்கியிருந்தது. திரையை அவர்கள் பிடுங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்று சிவப்புகளுக்கு நடுவே ஒற்றைப் பச்சை மலர்ந்தது.

யாருமற்ற வீட்டில் அண்ணன் சொல்லியிருந்தான்: “வந்துட்டேன். எங்க போயிட்டீங்க எல்லாரும்?”